முதலில் படி, பின்னர் பழுது

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'நம் வட்டத்தின் ஒலிக் களஞ்சியம்' என்னும் தலைப்பு அச்சிடப்பட்டிருக்கின்றது. செயற்குழு அத்தலைப்பை எனக்கு அளித்த நாளில் அக்களஞ்சியம் நலமாக இருந்தது. அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து வந்த நாளில் அது நலமாக இல்லை. ஆதலால் களஞ்சியத்தின் பெருமையைப் பேச வேண்டிய நான், அது அழிவின் வாயிலுக்குச் சென்று, ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்த கதையைச் சொல்ல நேர்ந்திருக்கின்றது. இதில் என் பிழையும் உண்டு. அதனை மறைத்துப் பேசினால் இவ்வுரையால் எவர்க்கும் பயனில்லை.

நம் கூட்டங்களை முதல் மாதத்திலிருந்தே ஒலிப்பதிவு செய்து வந்தோம். கொரோனாத் தொற்றினால் 2020ஆம் ஆண்டில் கூடாதிருந்த மாதங்கள் நீங்கலாக, 111 கூட்டங்களின் பதிவுகள் கையடக்கமான ஒரு வன்தட்டில் இருந்தன. கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என்று கேட்டால் தருகின்ற அந்தச் சிறு பெட்டிதான். செயலாளர் என்ற முறையில் அது என் இல்லத்தில் இருந்தது. இருந்தது ஒன்றே ஒன்று. இன்னொரு படி எடுத்து வைக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் பொதுக்குழுவில் பேசினோம். ஆண்டுதோறும் மறந்தோம்.

கடந்த கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது என் வீடு உறவினர்களால் நிறைந்திருந்தது. தீபம் ஏற்றுதற்கு இரண்டு நாள் முன்பு, மலருக்காகச் சில உரைகளைக் கேட்டு எழுதும் பொருட்டு வன்தட்டைக் கணிப்பொறியில் இணைத்து மேசைமேல் வைத்திருந்தேன். எழுந்து சென்றபோது என் காலே அதன் கம்பியில் சிக்கியது. ஓடிக்கொண்டிருந்த வன்தட்டு தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். புறத்தே ஒரு கீறலும் இல்லை. மீண்டும் இணைத்தேன். சுவர்க்கடிகாரத்தின் ஓசை போல 'டிக், டிக்' என்று ஒலித்தது. கணிப்பொறியின் திரையில் ஒன்றும் தோன்றவில்லை.

அவ்வோசையின் பொருள் எனக்கு அப்போது தெரியாது. இன்று தெரிந்ததை உங்களுக்குச் சொல்கின்றேன். வன்தட்டின் உள்ளே கண்ணாடி போல் மெருகேற்றிய வட்டத் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. தட்டின்மீது காந்தப் புள்ளிகளாகச் செய்திகள் பதிந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கின்ற நுண்ணிய முனை, தட்டைத் தொடாமல், சுழற்சியால் எழும் காற்றின்மீது மிதந்து செல்கின்றது. முனைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வெளி தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அங்கே ஒரு தூசியும் மலையாகும். விழுந்த அதிர்ச்சியில் முனை பழுதுற்றால், தட்டிலுள்ள வழிகாட்டிக் குறிகளை அதனால் காண இயலாது. காணாது தன் இருப்பிடத்திற்குத் திரும்பும், மறுபடியும் புறப்படும், மறுபடியும் திரும்பும். அந்த அலைச்சலின் ஓசைதான் நான் கேட்டது. பழுதுற்ற முனை ஒவ்வொரு முறை புறப்படும்போதும் தட்டின் மேற்பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த செய்தியை எவராலும் மீட்க இயலாது.

இதனை அறியாமல் நான் அன்றிரவு அதனை ஐந்து முறையோ ஆறு முறையோ இணைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்றார். நல்ல வேளையாக அதனைச் செய்யவில்லை. குளிரிலிருந்து வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் படியும் என்பதையும், ஈரம் படிந்த தட்டு சுழன்றால் கேடு மிகும் என்பதையும் பின்னர் அறிந்தேன்.

மறுநாள் நம் ஊரிலேயே கணிப்பொறி பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றிற்குச் சென்றேன். கடைக்காரர் இளைஞர். வன்தட்டைக் கையில் வாங்கினார். "எத்தனை முறை போட்டுப் பார்த்தீர்கள் ஐயா?" என்று கேட்டார். சொன்னேன். அதனை இணைக்காமலே திரும்பத் தந்துவிட்டார். "இது என்னால் ஆகாது. திறந்தால் நான் கெடுத்துவிடுவேன். இனி மின்சாரமே கொடுக்காதீர்கள். தூசி இல்லாத அறை வைத்திருப்பவர்களிடம் கொண்டு போங்கள். மேலே உள்ள பெட்டியையும் போர்டையும் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அதுவும் வேண்டியிருக்கும்" என்றார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

இம்முயற்சி முழுவதிலும் நான் கண்ட முதல் நம்பிக்கைக்குரிய மனிதர் அவர்தாம் என்று இன்று கருதுகின்றேன். 'என்னால் ஆகாது' என்று சொல்லத் தெரிந்தவரிடமே பொருளை ஒப்படைக்கலாம் என்பது அன்று கற்ற பாடம். அவர் போர்டைப் பற்றிச் சொன்னதும் ஆழமான செய்தி. ஒரே வகை வன்தட்டின் மின்சுற்றுப் பலகையை எடுத்து மாட்டினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இக்கால வன்தட்டுகளில் அந்தந்தத் தட்டுக்கும் முனைக்கும் மட்டுமே பொருந்துகின்ற அளவுகள் அப்பலகையிலுள்ள சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன. கையடக்க வன்தட்டுகள் சிலவற்றில் செய்திகளை மறைகுறியாக்கும் வேலையையும் அப்பலகையே செய்கின்றது. அதனை எறிந்தால் பூட்டை வைத்துக்கொண்டு சாவியை எறிந்ததாகும்.

தீபத்தின் பொருட்டு ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்பட்டிருந்தன. தெருக்களில் மக்கள் வெள்ளம். வெளியூர் செல்ல நான்கு நாள் ஆயிற்று. அன்று அது பெருந்துன்பமாகத் தோன்றியது. உண்மையில் அந்த நான்கு நாள்களும் வன்தட்டு என் கையினின்று தப்பி அமைதியாக இருந்தது. நானும் விசாரித்து அறிய நேரம் கிடைத்தது.

செய்தியறிந்த அன்பர்கள் இரு வகையாகப் பேசினர். போனது போனதுதான் என்றனர் சிலர். வானிலிருந்து விழுந்த வன்தட்டையே மீட்டிருக்கின்றார்களே என்றனர் சிலர். பின்னவர் சொன்னது மெய்யான நிகழ்ச்சி. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரைப் பலி கொண்ட கொலம்பியா விண்ணோடம் 2003 பிப்ரவரி முதல் நாளில் சிதறியது. அதிலிருந்த ஆய்வுக் கருவியொன்றின் வன்தட்டு, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, கருகிய நிலையில் சில மாதங்களுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரிலுள்ள மீட்பு வல்லுநர்கள் அதிலிருந்த செய்திகளில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை எடுத்துத் தந்தனர். அந்த ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின. புறக்கூடு உருகியிருந்தும் தட்டில் செய்தி இருந்த பகுதி கெடாதிருந்ததே அதற்குக் காரணம். நம் வன்தட்டோ மேசையிலிருந்து விழுந்தது. புறத்தே கீறலில்லை, உள்ளே கீறல். மீட்பு என்பது புறத்தோற்றத்தைப் பொறுத்ததன்று என்பது இதனால் விளங்கும்.

நம் ஊர் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவே இருக்கின்றது. இரு நகரங்களிலும் இத்தொழில் செய்வோர் பலர் உளர். தொலைபேசியில் விசாரித்த முதல் நிறுவனத்தார், வன்தட்டைப் பார்க்காமலே "நூற்றுக்கு நூறு எடுத்துத் தருகின்றோம், பாதித் தொகையை முன்பணமாக அனுப்புங்கள்" என்றனர். நோயாளியைக் காணாத மருத்துவர் நலம் உறுதி என்று சொன்னால் நாம் என்ன நினைப்போமோ அதனையே நினைத்தேன். இரண்டாவது இடத்திற்கு நேரிலேயே சென்றேன். முகப்பு அழகாக இருந்தது. "எங்கே வைத்துத் திறப்பீர்கள்? அந்த அறையைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். பலமுறை கேட்டபின், அது பொருள்களைப் பெறும் இடம் மட்டுமே என்றும், வேலை வேறெங்கோ வேறொருவரால் செய்யப்படும் என்றும் தெரிந்தது. அந்த வேறொருவர் யார் என்று சொல்ல அவர்களுக்கு மனமில்லை. வன்தட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்றாவது இடத்தில் ஒரு நடுத்தர வயதினர் எதிரே அமர்ந்து நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பின்னர் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "இதிலிருந்து முதலில் ஒரு படி எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். படி எடுத்தபின் இந்த வன்தட்டை நான் தொடமாட்டேன். மற்ற வேலையெல்லாம் படியின் மேல்தான்."

அன்பர்களே, இவ்வுரையில் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றே எனின் அது இவ்வாக்கியமே ஆகும். தேர்ந்த மீட்பர் பழுதுற்ற வன்தட்டைத் தூய அறையில் திறப்பார். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அளவோ அதனினும் பெரிதோ ஆன தூசிகள் நூற்றுக்கு மேற்படாத இடம் அதற்கு வேண்டும். அதே வகை வன்தட்டொன்றிலிருந்து நல்ல முனைகளை எடுத்துப் பொருத்துவார். அம்முனைகளும் நெடுநாள் உழைக்கா. உழைக்கும் வரையில் தட்டிலுள்ளதை அப்படியே வேறொரு புதிய வன்தட்டிற்குப் படியெடுப்பார். எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்து, இடர் தரும் பகுதிகளை விட்டுச் சென்று, பின்னர் அவற்றிற்குத் திரும்புவார். இம்முறையில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளும் உண்டு. ஓரிடத்திலேயே முட்டி நின்றால் நல்ல பகுதியும் கிடைக்காமல் போய்விடும். அவ்வாறு எடுத்த படியில்தான் கோப்புகளைத் தேடித் தொகுப்பார். மூலத்தின் மேலேயே சோதனை செய்பவர், தாம் பிழை செய்தால் திரும்ப வழியில்லை என்பதை எண்ணாதவர்.

பழுது பார்ப்பதற்கு முன் படியெடுத்தல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராச சோழன் ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அப்படிகளைப் பார்த்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினர். நிலக்கொடையும் விளக்குக்கொடையும் பொன் வைப்பும் அக்கற்களிலேயே இருந்தன. கல்லைப் பெயர்த்தபின் படியெடுப்போம் என்று எண்ணியிருந்தால், ஒரு கல் உடைந்தாலும் ஒரு குடியின் உரிமை உடைந்திருக்கும். அதற்கும் முன்னர்ச் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் பொறித்து, இவை பழைய கல்லின் படிகள் என்று குறிப்பும் எழுதச் செய்தார். படியைப் படி என்று சொல்லும் நேர்மை அக்குறிப்பில் இருக்கின்றது. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் மீட்பு. ஒன்று, தொடுவதற்கு முன் படி. மற்றொன்று, தந்தது இது, தர இயலாதது இது என்னும் குறிப்பு.

அந்த மூன்றாவது இடத்தில் நான் கேட்ட கேள்விகளை இங்கே கூறுவது உங்களில் எவர்க்கேனும் பயன்படக்கூடும்.

திறப்பது எங்கே, திறப்பவர் யார் என்று முதலில் கேட்டேன். கண்ணாடிக்கு அப்பாலுள்ள அறையைக் காட்டினார். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் உண்டா, பார்த்தபின் வேண்டாம் என்றால் வன்தட்டு திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். அஞ்சற் செலவு மட்டும் என்றார். திறந்த பின்னர்த் தொகை ஏறுமா என்று கேட்டேன். சில இடங்களில் வன்தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பிணைப்பொருள் போல அதனைக் காட்டித் தொகையை உயர்த்துவது வழக்கம் எனக் கேள்விப்பட்டிருந்தேன். உச்சத் தொகையை எழுதித் தந்தார்.

எடுக்க இயலாவிட்டால் கட்டணம் இல்லை என்று பலரும் விளம்பரம் செய்கின்றனர். அதில் ஒரு நுட்பம் உண்டு. வேண்டாத ஆயிரம் கோப்புகளை எடுத்துத் தந்து, வேண்டிய ஒன்றை விட்டுவிட்டாலும் அவர் கணக்கில் அது வெற்றியே. ஆதலால் நமக்கு இன்றியமையாதவை எவை என்று வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் கொடுத்தேன். அதன் முதற்பகுதி கிடைத்தால்தான் வெற்றி என்று இருவரும் கையொப்பமிட்டோம். பணம் தருவதற்கு முன் கோப்புகளின் பட்டியலைக் காட்டுவதாகவும், மீட்டவற்றைப் புதிய வன்தட்டில் தருவதாகவும் எழுதினார்.

இறுதியாகக் கேட்டது கூச்சத்தோடு கேட்டதாகும். நம் வன்தட்டில் உரைகள் மட்டும் இல்லை. உறுப்பினர் முகவரிகளும், நன்கொடையாளர் கணக்கும், எழுத்தாளர் சிலர் நம்பி எழுதிய சொந்தக் கடிதங்களின் ஒளிப்படிகளும் இருந்தன. மீட்பவர் அனைத்தையும் காண்பார். மருத்துவரிடம் மறைக்க இயலாதது போல இவரிடமும் மறைக்க இயலாது. நீங்கள் எடுத்த படியை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. "கேட்க வேண்டிய கேள்விதான்" என்று கூறி, முப்பது நாளில் அழிப்பதாகவும் எவர்க்கும் காட்டுவதில்லை என்றும் எழுதித் தந்தார். ஒப்பந்தப்படி பெற்ற சொந்தச் செய்திகளைத் தீய நோக்கோடு வெளியிடுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சேர்க்கப்பட்ட 72ஏ பிரிவின்படி குற்றமாகும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் அச்சட்டத்தின் துணையை எளிதில் நாட இயலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறுதிக்காலம் முடியாத வன்தட்டாயின் தயாரித்த நிறுவனத்திடம் கொடுத்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர்கள் மாற்றித் தருவது வேறொரு வன்தட்டை. அதில் நம் செய்தி இராது. பழையது திரும்பியும் வாராது. உறுதிச்சீட்டு காப்பது பெட்டியைத்தானே தவிர உள்ளே இருப்பதை அன்று.

மீட்புக் கட்டணம் நம் வட்டத்தின் ஓராண்டு வரவைவிட மிகுதி. உறுப்பினர் பலர் தாமாகவே முன்வந்து தந்தனர். ஓய்வூதியத்திலிருந்து தந்தவர்களும் இங்கே இருக்கின்றனர். அவர்களை நினைத்தபோதுதான் என் பிழையின் கனம் எனக்கு முழுமையாகத் தெரிந்தது.

ஐந்து கிழமைகள் கழித்துப் பட்டியல் வந்தது. பட்டியலைக் கண்டு மகிழ்வது போதாது என்பதையும் அவரே சொன்னார். பெயர் இருக்கும், உள்ளே வெறுமை இருக்கும். ஆதலால் ஒவ்வொரு பதிவையும் முதலிலிருந்து இறுதிவரை கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நம் அன்பர்கள் பதினால்வர் பங்கிட்டுக்கொண்டு இரவும் பகலும் கேட்டனர். 111 பதிவுகளில் 83 முழுமையாக இருந்தன. 9 பதிவுகளில் இடையிடையே வெற்றிடம். 19 பதிவுகள் கிடைக்கவில்லை. தட்டின் ஒரு பகுதியில் சுரண்டப்பட்ட வட்டக் கீறல் இருப்பதாகத் தம் அறிக்கையில் எழுதியிருந்தார். அது விழுந்தபோது ஏற்பட்டதா, நான் மீண்டும் மீண்டும் இணைத்தபோது ஏற்பட்டதா என்று கேட்டேன். "முதல் கீறல் விழுந்ததால் இருக்கலாம். அதனை அகலப்படுத்தியது பிறகு நடந்தது" என்றார். மென்மையாகத்தான் சொன்னார்.

இப்போது ஐயா அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வட்டத்தைத் தொடங்கி வைத்த முதுபெரும் தமிழாசிரியர், மூன்று ஆண்டுகளுக்கு முன் நம்மை விட்டுப் பிரிந்தவர். புறநானூறு குறித்து அவர் ஆற்றிய எட்டுத் தொடர் உரைகளே நம் பட்டியலில் முதலிடம் பெற்றவை. அவர் தம் உரைகளை எழுதி வைக்கும் வழக்கமில்லாதவர். செய்தி கேட்டு அவருடைய மகளார் என் வீட்டிற்கு வந்தார். "அண்ணா, அப்பா குரல் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அப்போது என்னால் விடை சொல்ல இயலவில்லை.

இன்று சொல்கின்றேன். எட்டு உரைகளில் ஏழு முழுமையாக வந்தன. எட்டாவது, அவர் இறுதியாக ஆற்றியது, நடுவே பதினொரு நிமிடம் இல்லாமல் வந்தது. ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு வருகின்றார், வாக்கியம் பாதியில் நிற்கின்றது. மீண்டும் குரல் வரும்போது அவையினர் சிரிக்கும் ஓசை. எதற்குச் சிரித்தனர் என்று அன்று அவையில் இருந்த எவர்க்கும் நினைவில்லை. நானும் இருந்தேன். எனக்கும் நினைவில்லை.

அவ்வுரையை இம்மலரில் வெளியிடுவது குறித்துச் செயற்குழுவில் விவாதம் எழுந்தது. அவர் கருத்து நமக்குத் தெரிந்ததுதானே, இடைவெளியை நாமே நிரப்பி எழுதிவிடலாம் என்றார் ஒருவர். அன்பினால் சொன்னதுதான். ஆயினும் ஐயா எடுத்துக்கொண்ட நூலே நமக்கு வழி காட்டியது. உ.வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டி 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். எந்த ஏட்டிலும் கிடைக்காத 267, 268 ஆம் பாடல்களின் இடம் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றது. எண்ணை மாற்றி அடுத்த பாடலை முன்னே இழுத்து அக்குறையை எவரும் மறைக்கவில்லை. சிதைந்த அடிகளுக்குப் புள்ளிகளே நிற்கின்றன. அப்புள்ளிகளைக் கண்டு நாம் பதிப்பாசிரியரைக் குறை கூறுவதில்லை. அவர் தந்த மற்ற அடிகளை நம்புகின்றோம். நம்பிக்கைக்குரிய மீட்பர் என்பவர் யார் என்னும் வினாவிற்கு விடையும் அதுவே. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சொல்பவர் தந்ததை ஐயமின்றி ஏற்கலாம். ஆதலால் இம்மலரில் ஐயாவின் எட்டாம் உரையின் நடுவே மூன்று வரிப் புள்ளிகளைக் காண்பீர்கள். பதினொரு நிமிடம் என்று அடிக்குறிப்பும் இருக்கும். அவருடைய மகளாரும் அதற்கு இசைந்தார்.

கிடைக்காத 19 பதிவுகள் பற்றி அன்பர்களிடம் கேட்டோம். கூட்டத்தில் அமர்ந்தபடியே தம் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தவர்களிடமிருந்து 6 உரைகள் வந்து சேர்ந்தன. ஒலி தெளிவில்லை. மின்விசிறியின் இரைச்சலும் தேநீர்க் குவளையின் ஓசையும் கலந்திருக்கின்றன. ஆயினும் உரைகள் இருக்கின்றன. ஓரிடத்து ஏடு சிதைந்தால் வேறிடத்து ஏட்டைத் தேடிச் சென்ற வழியும் அதுதான். எஞ்சிய 13 உரைகள் இனி இல்லை. உங்களில் எவர் வீட்டிலேனும் பழைய கைப்பேசி ஒன்று மேசையறையில் கிடக்குமாயின், அன்பு கூர்ந்து பாருங்கள்.

இனி என் செய்கின்றோம் என்பதையும் கூறி முடிக்கின்றேன். பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு. எதற்கும் மூன்று படிகள் இருக்க வேண்டும், அவை இரு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்று வேற்றிடத்தில் இருக்க வேண்டும் என்பது. நம் அண்ணாமலையார் கோயிலின் கல்வெட்டுகள் சுவரிலும் இருக்கின்றன. பி.ஆர். சீனிவாசன் அவர்கள் பதிப்பித்து 1990இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட நூலிலும் இருக்கின்றன. கல் ஒரு சாதனம், தாள் மற்றொன்று. ஓர் ஊரில் சுவர், பல ஊர்களில் நூல். ஒற்றைப் படியின் துயரத்தை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது தமிழுலகம் கண்டது. அங்கே அழிந்த சுவடிகளுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. அது பகையினால் நேர்ந்தது. நம்முடையது சோம்பலினால் நேர இருந்தது.

இப்போது நம் பதிவுகள் மூன்று படிகளாக உள்ளன. ஒரு வன்தட்டு என் இல்லத்தில், மற்றொன்று பொருளாளர் இல்லத்தில், மூன்றாவது இணையச் சேமிப்பில். பழுதுற்ற அந்த வன்தட்டை எறியவில்லை. இன்று இயலாதது நாளை இயலக்கூடும் என்று பெட்டியும் பலகையும் சேர்த்து வைத்திருக்கின்றோம். ஒவ்வோர் ஆண்டும் தீபத்திற்கு மறுநாள் மூன்று படிகளையும் திறந்து கேட்டுப் பார்ப்பது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. திறந்து பார்க்காத படி இருக்கின்றது என்று எவரும் உறுதி கூற இயலாது.

அன்று எனக்குக் கட்டணமின்றி நல்வழி காட்டிய நம் ஊர் இளைஞரை இவ்விழாவிற்கு அழைத்திருந்தேன். கடையை விட்டு வர இயலவில்லை என்று சொல்லியனுப்பினார். அவர்க்கும், பொருளுதவி புரிந்த அன்பர்களுக்கும், கண்விழித்துக் கேட்ட பதினால்வர்க்கும், என் பிழையைப் பொறுத்த இவ்வவைக்கும் நன்றி கூறி அமைகின்றேன். இவ்வமர்வின் இறுதியில் ஐயாவின் முதல் உரையிலிருந்து பத்து நிமிடம் ஒலிபரப்பப்படும். அவருடைய மகளார் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அனைவரும் இருந்து கேட்குமாறு வேண்டுகின்றேன்.